பழைய கல்வீடும் உவர்ச் சுவரும்: வாசகர் கேள்வி – பதில்

மாரி ஓய்ந்து சுவர்கள் காயத் தொடங்கும் நாள்கள் இவை. வந்திருக்கும் கடிதங்களில் பாதி ஒரே முறைப்பாட்டைத்தான் சொல்கின்றன: சுவர் உதிர்கிறது. பிரித்தானியர் காலத்துக் கல்வீடுகளைப் பற்றித் திருகோணமலை வாசகர்கள் கேட்டவற்றை இம்முறை ஒன்றாக எடுத்துக்கொண்டோம்.

எங்கள் வீடு பேரனார் காலத்தில் வாங்கியது. முன்பக்கம் கருங்கல், மற்றச் சுவர்கள் முருகைக்கல்லும் செங்கல்லும் கலந்தவை. விறாந்தையை ஒட்டிய சுவரில் மூன்றடி உயரம் வரை வெள்ளைத் தூள் பூத்துப் பூச்சு உதிர்ந்தது. எட்டு வருடங்களுக்கு முன் அந்த மூன்றடிக்கும் சீமெந்து பூசினோம். இப்போது அதற்கு மேலேயும் உதிர்கிறது. இந்த முறை நீர் புகாத மருந்து கலந்து ஐந்தடி உயரத்துக்குப் பூசச் சொல்கிறார் மேசன். செய்யலாமா?
– வாசகி, உவர்மலை

வேண்டாம் அம்மா. மூன்றடியில் நின்ற உவரை மேலே ஏற்றிவிட்டதே அந்தச் சீமெந்துதான். ஐந்தடிக்குப் பூசினால் அது ஏழடிக்குப் போகும்.

உங்கள் வீட்டுச் சுவருக்கு அடியில் ஈரம் தடுக்கும் படை எதுவும் இராது. நிலத்து ஈரம் கல்லுக்குள்ளும் சாந்துக்குள்ளும் ஏறத்தான் செய்யும். அப்படி ஏறிய ஈரம் சுண்ணாம்புப் பூச்சின் வழியாக ஆவியாகிப் போய்விடும் என்ற நம்பிக்கையில் கட்டிய சுவர் அது. சீமெந்துப் பூச்சு அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் நிற்பதில்லை, திறந்த இடம் கிடைக்கும் வரை மேலே ஏறுகிறது. ஈரத்தோடு உப்பும் ஏறுகிறது.

கடலோரச் சுவரில் உப்புக்குப் பஞ்சமில்லை. முருகைக்கல்லே கடலிலிருந்து வந்தது. வாடைக்காற்று தூவானத்தோடு உப்பைக் கொண்டுவந்து அடிக்கிறது. கறியுப்பு, காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே கரையும். அதற்குக் கீழே இறங்கினால் மறுபடி பளிங்காக உறையும். கச்சான் வீசும் பகலில் உறைந்து, இரவில் கரைந்து, மறுநாள் மீண்டும் உறைகிறது. உறையும் ஒவ்வொரு தடவையும் கல்லின் நுண்துளைகளை உள்ளிருந்து தள்ளுகிறது. நீங்கள் பார்க்கும் தூள், உப்பும் உடைந்த கல்லும் சேர்ந்தது. நீர் புகாத மருந்து பூசினால் இந்த உறைதல் பூச்சுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும். ஒருநாள் கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு பூச்சு பலகை பலகையாக விழும்.

வேலையைத் தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். வீட்டைச் சுற்றியுள்ள மண் பல தலைமுறைகளாகக் கொட்டிக் கொட்டி உயர்ந்திருக்கும். உள்நிலத்தை விட வெளிமண் குறைந்தது ஆறு அங்குலமாவது தாழ்ந்திருக்க வேண்டும்; இல்லாவிட்டால் வெட்டி இறக்குங்கள். சுவரை ஒட்டிச் சீமெந்துத் தளம் போட்டிருந்தால் ஓரடி, ஒன்றரையடி அகலத்துக்கு அதை உடைத்தெடுத்துச் சல்லி நிரப்புங்கள். தளத்துக்கு அடியில் அடைபட்ட ஈரத்துக்குச் சுவரைத் தவிர வேறு வழியில்லை. பீலி எங்கே ஒழுகுகிறது, குளியலறைக் குழாய் எங்கே கசிகிறது என்பதையும் இப்போதே பாருங்கள். இவற்றைச் சரிசெய்த பின் ஒரு வருடம் பொறுத்தால் பூச்சு வேலையே பாதியாகக் குறைந்த வீடுகள் உண்டு.

அடுத்தது சீமெந்தை எடுப்பது. விரல்மொட்டியால் தட்டிக்கொண்டே போங்கள். பொள்ளென்று ஒலிக்கும் இடத்தில் பூச்சு ஏற்கெனவே கல்லை விட்டுவிட்டது. அங்கே தொடங்கினால் சிறிய உளியும் சுத்தியலும் போதும். மின்சார உடைப்பான் ஆகாது, முருகைக்கல் அந்த அதிர்வைத் தாங்காது. கல்லோடு இறுகப் பிடித்திருக்கும் துண்டு கல்லின் முகத்தையே கூட்டிக்கொண்டு வருவதானால் அதை அப்படியே விட்டுவிடுங்கள், பிறகு தானாக விடும். சேதம் தெரியும் உயரத்துக்கு மேலே இன்னும் ஒன்றரையடி வரை எடுக்க வேண்டும். கல்லிடுக்குகளில் மாவாகிப்போன சாந்தை ஓர் அங்குல ஆழத்துக்குச் சுரண்டி எடுங்கள்.

பிறகு சுவரை நிர்வாணமாக விடுங்கள். அவசரப்படுகிறவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான். மாசி முதல் கச்சான் காலம் முடியும் வரை விட்டால் நல்லது. வாரம் ஒருமுறை காய்ந்த தும்புத் தூரிகையால் உப்பைத் துடைத்து, கீழே விரித்த தாளில் சேர்த்து, வீட்டுக்கு வெளியே தூரக் கொட்டுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவவே கூடாது. கழுவிய உப்பு சுவருக்குள்ளேயே திரும்பிப் போகும். உவர் மிக மோசமான இடங்களில், கிழித்து ஊறவைத்த வெள்ளைக் காகிதக் கூழை நல்ல தண்ணீரில் பிசைந்து அரை அங்குலக் கனத்தில் அப்பி, முற்றாகக் காய்ந்ததும் உரித்தெறியுங்கள். காகிதம் உப்பை உறிஞ்சி வைத்திருக்கும். இரண்டு, மூன்று தடவை செய்யலாம்.

இனிப் பூச்சு. சுட்ட சுண்ணாம்புக் கட்டி கிடைத்தால் நீற்றிக்கொள்ளுங்கள். தண்ணீருக்குள் கட்டியைப் போட வேண்டும். கட்டியின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் போடாமல் யாரும் அருகே போகக்கூடாது. நீறியதைச் சல்லடையில் வடித்து, மேலே நாலு விரல் தண்ணீர் நிற்கும்படி மூடி ஒரு மாதமாவது வையுங்கள்; மூன்று மாதம் வைத்தால் வெண்ணெய் போல வரும். பையில் விற்கும் நீற்றிய தூள்தான் கிடைக்கிறதென்றால் ஒரு நாள் முழுக்க ஊறவையுங்கள். பைக்குள் கட்டி தட்டியிருந்தால் அது காற்றுப்பட்டுச் செத்த சுண்ணாம்பு, வாங்க வேண்டாம். முருகைக்கல் சுட்ட சுண்ணாம்பைத் தேடி அலையவும் வேண்டாம்; கடலில் முருகைக்கல் எடுப்பது சட்டத்துக்கு மாறானது. மலைநாட்டு டொலமைட் சுண்ணாம்பு இந்த வேலைக்குப் போதும்.

சுண்ணாம்பு 1, மணல் 3. மணல் ஆற்று மணலாக, பருவெட்டும் பொடியும் கலந்ததாக இருக்க வேண்டும். கடல் மணல் கூடவே கூடாது. 100 சதுர அடிச் சுவருக்கு முக்கால் அங்குலக் கனம் என்றால் கழிவோடு சேர்த்து ஏழரைக் கன அடி மணலும் இரண்டரைக் கன அடிச் சுண்ணாம்பும் வேண்டும். குழைக்கும்போது வறண்டதுபோலத் தோன்றும். தண்ணீர் சேர்க்காதீர்கள், மண்வெட்டிக் காம்பால் அரை மணி நேரம் இடியுங்கள், தானே இளகும். சாந்தகப்பையைக் கவிழ்த்தாலும் விழாமல் ஒட்டி நிற்பதுதான் பதம். வெளிப்புறத்தில் தூவானம் அடிக்கும் அடிச்சுவருக்கு மட்டும் சுண்ணாம்பு 1, நன்றாகச் சலித்த செங்கல் தூள் 1, மணல் 2 என்று போடலாம். அது விரைவில் இறுகும். “ஒரு கைப்பிடி சீமெந்து போட்டால் கெதியில் பிடிக்கும்” என்று மேசன் சொல்வார். சம்மதிக்காதீர்கள், இரண்டின் குணமும் கெட்டுப்போகும்.

சுவரை முதல்நாள் மாலையும் அன்று காலையும் நனைத்துவிட்டு, பள்ளங்களைக் கல்சில்லும் சாந்துமாக நிரப்பி, அதன் மேல் முதற்படை. எந்தப் படையும் 10 மில்லிமீற்றரைத் தாண்டக்கூடாது. பெருவிரலால் அழுத்தினால் பள்ளம் விழாமல், நகத்தால் கீறினால் கீறு விழ வேண்டும்; அதுவே அடுத்த படைக்கு நேரம். வழக்கமாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். கடைசிப் படை 3 மில்லிமீற்றர், பொடி மணலில். ஒவ்வொரு படைக்கும் ஒரு வாரம் ஈரச்சாக்கு தொங்கவிடுங்கள். பூச்சு வெடித்தால் தண்ணீர் கூடிவிட்டது, அல்லது மணல் மிகப் பொடி. தொட்டால் மாவாகக் கையில் ஒட்டினால் கச்சான் அதை இறுகும் முன்னே காயவைத்துவிட்டது. பாளமாகக் கழன்றால் சுவரை நனைக்கவில்லை.

இதற்கு மேல் எமல்ஷன் பெயின்ற் அடித்தால் செய்த வேலை முழுதும் வீண். பால் போலக் கரைத்த சுண்ணாம்பை, ஒவ்வொரு தடவையும் சுவரை இலேசாக நனைத்துவிட்டு, ஐந்து மெல்லிய பூச்சாக அடியுங்கள். சில வருடங்களில் இந்தப் பூச்சும் அடியில் உதிரத் தொடங்கலாம். அது பழுதல்ல. கல்லுக்கு வரவேண்டிய சேதத்தைப் பூச்சு தன் மேல் வாங்கிக்கொள்கிறது. அந்த இடத்தை மட்டும் எடுத்துவிட்டுத் திரும்பப் பூசுங்கள்.

எங்கள் வீட்டை எல்லோரும் விக்டோரியா காலத்து வீடு என்கிறார்கள். காணி உறுதி பழையதாக இல்லை. கட்டடத்தைப் பார்த்தே காலத்தைச் சொல்ல முடியுமா?
– வாசகர், மனையாவெளி

விக்டோரியா மகாராணி ஆண்டது 1837 முதல் 1901 வரை. பிரித்தானியர் திருகோணமலையைப் பிடித்ததோ 1795இல். ஆகவே பிரித்தானியர் காலம் என்பதெல்லாம் விக்டோரியா காலம் ஆகாது. பிரெட்ரிக் கோட்டைக்குள், பின்னாளில் வெலிங்டன் கோமகனான ஆர்தர் வெல்லெஸ்லி தங்கிய வீடென்று காட்டப்படுவது விக்டோரியா காலத்துக்கு ஒரு தலைமுறை முந்தியது.

கட்டடத்தில் எளிதில் மாற்ற முடியாத பகுதிகளைப் பாருங்கள். கூரை ஓட்டைக் கழற்றித் திருப்பினால் செய்தவர் முத்திரை இருக்கும். மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865இல்; அந்த முத்திரையுள்ள ஓடு அதற்கு முன் வந்திருக்க முடியாது. ஆனால் ஓட்டைப் பின்னாளிலும் மாற்றியிருப்பார்கள் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். கதவுக் கீலுக்கு அடியிலிருந்து ஓர் ஆணியைப் பிடுங்குங்கள். உடல் சதுரமாக, நுனி நோக்கி ஒடுங்கினால் பழைய வெட்டாணி; உருண்டைக் கம்பியாணி பெருவழக்கானது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். மாடியைத் தாங்கும் இரும்பு வளையில் டோர்மன் லோங் என்று புடைத்த எழுத்து இருந்தால், அந்த நிறுவனம் தோன்றியதே 1875இல்.

சாந்தையும் சுரண்டிப் பாருங்கள். ஆணியால் கீறியதும் வெண்மையாக உதிர்ந்து, நடுநடுவே பயறளவு வெள்ளைக் கட்டிகள் தெரிந்தால் அது சுண்ணாம்பு. சாம்பல் நிறத்தில் ஆணியை வழுக்கினால் சீமெந்து. காங்கேசன்துறையில் சீமெந்து ஆலை வந்தது 1950இல். நம் பக்கத்து வீடுகளில் சீமெந்து தாராளமாகப் புழங்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். திடலருகே உள்ள பழைய ஆங்கிலேயர் மயானத்தில் ஆண்டு பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. 1852இல் இறந்த கடற்படைத் தளபதி சார்ள்ஸ் ஒஸ்டினின் கல்லறையும் அங்கேதான். ஆண்டு தெரிந்த கட்டுமானத்தையும் உங்கள் சுவரையும் கண்ணால் ஒப்பிடலாம். அங்கே எதையும் சுரண்ட வேண்டாம்.

மகள் இங்கிலாந்தில் யோர்க்‌ஷயர் பக்கம், விக்டோரியா காலத்துக் கல் வில்லா ஒன்றின் கீழ்த்தளத்தை வாங்கியிருக்கிறாள். இரண்டாம் தரப் பாதுகாப்புக் கட்டடமாம். யன்னல்கள் ஆடுகின்றன, குளிர் தாங்க முடியவில்லை. பிளாஸ்ரிக் சட்டத்தில் இரட்டைக் கண்ணாடி போட விடமாட்டார்கள் என்கிறாள். தன் வீட்டு யன்னலை மாற்றக்கூட உரிமை இல்லையா?
– தாய் ஒருவர், திருக்கடலூர்

உரிமை உண்டு, முதலில் அனுமதி வாங்க வேண்டும். இந்த மாற்றத்துக்கு அனுமதி கிடைப்பது அரிது. ஏனென்பது, அந்த வீடு எப்படி உருவானது என்று தெரிந்தால் விளங்கும்.

தொழிற்சாலைப் புகை மண்டிய நகரத்தின் விளிம்பில், தனித் தோட்டத்தோடு வசதியான குடும்பங்கள் கட்டிக்கொண்ட வீடுதான் வில்லா. யோர்க்‌ஷயரில் அதற்குக் கிடைத்த கல் மணற்கல். தெருவைப் பார்க்கும் முகத்துக்குச் சீராகச் செதுக்கிய கல்; பக்கத்துக்கும் பின்னுக்கும் ஒழுங்கில்லாத முரட்டுக்கல். காசு எங்கே செலவானதென்பதை வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்தாலே காணலாம். சுவர் ஒன்றரையடி முதல் இரண்டடிக் கனம். உண்மையில் அது இரண்டு சுவர். வெளிக்கல் ஒரு வரிசை, உட்கல் ஒரு வரிசை, நடுவே கல்சில்லும் சுண்ணாம்பும். இரண்டையும் பிணைக்க இடையிடையே சுவரின் முழு அகலத்துக்கும் நீளும் கட்டுக்கல். மணற்கல் படைபடையாகப் படிந்து உண்டானது. படை கிடையாக இருக்கும்படி வைத்தால் நூற்றாண்டு நிற்கும், நிறுத்தி வைத்தால் புத்தகத் தாள் போல உரியும். முன்முகத்தில் ஒரு கல் மட்டும் உரிந்துகொண்டிருந்தால் காரணம் அதுவாகத்தான் இருக்கும்.

யன்னலுக்கு வருவோம். பிரித்தானியாவில் கண்ணாடி மீதான தீர்வை 1845இலும், யன்னல் வரி 1851இலும் நீக்கப்பட்டன. அதற்குப் பிறகு சிறுசிறு சதுரங்கள் போய்ப் பெரிய கண்ணாடிகள் வந்தன. வெளியே புடைத்து நிற்கும் யன்னல் மாடம் வீட்டின் அடையாளமானது. இந்த யன்னல்களில் மேலொன்று கீழொன்றாக இரண்டு கண்ணாடிச் சட்டங்கள் மேலும் கீழும் வழுக்கி ஓடும். பெரிய கண்ணாடியின் பாரத்தால் சட்டத்தின் மூட்டு விடாமலிருக்க, மேற்சட்டத்தின் கீழ்மூலைகளில் சிறு கொம்பு போல மரத்தை நீட்டிவிட்டார்கள். மகளின் யன்னலில் அந்தக் கொம்பு இருக்கும், பார்க்கச் சொல்லுங்கள். பிளாஸ்ரிக் சட்டம் இதைவிடத் தடிமன், நிழல் விழும் விதமே வேறு. ஒரு யன்னல் மாறினாலும் முழு முகமும் மாறிவிடும்.

கட்டடப் பாதுகாப்பு விதி வீட்டின் உள்ளும் புறமும் செல்லும். வீட்டோடு சேர்ந்த, 1948 ஜூலை 1க்கு முந்திய மதிலும் கொட்டிலும் கூட அடங்கும். அனுமதி கேட்பதற்கு இங்கிலாந்தில் கட்டணம் இல்லை. எட்டு வாரத்தில் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. கேட்காமல் செய்வது குற்றம், சிறைத் தண்டனை வரை போகலாம். மகள் கட்டாயம் கவனிக்க வேண்டியது ஒன்று: முன்பிருந்தவர் அனுமதியில்லாமல் செய்த மாற்றத்தையும் திருத்தித் தரும்படி இன்றைய உரிமையாளரிடம்தான் கேட்பார்கள், அதற்குக் காலவரம்பும் இல்லை. வாங்கியபோது வழக்கறிஞர் இதைப் பார்த்தாரா என்று இப்போதே விசாரிக்கட்டும்.

குளிருக்கு வழி இருக்கிறது. யன்னலில் வரும் குளிரில் பெரும்பகுதி கண்ணாடி வழியாக அல்ல, இடுக்கு வழியாக வருகிறது. தச்சர் உள்பக்கத்து ஓரப்பட்டியைக் கழற்றிக் கீழ்ச்சட்டத்தையும், நடுப்பட்டியைக் கழற்றி மேற்சட்டத்தையும் வெளியே எடுப்பார். பக்கச்சட்டத்தில் ஒரு சிறு மூடி இருக்கும். அதைத் திறந்தால் உள்ளே கயிற்றில் தொங்கும் இரும்புப் பாரங்கள். உக்கிய கயிறுகளை மாற்றி, புதிய பட்டிகளில் தூரிகை நாடா பதித்துத் திரும்பப் பூட்டினால் ஆட்டமும் காற்றும் நின்றுவிடும். சட்டத்தை நிறுத்துப் பார்த்துப் பாரம் போட வேண்டும்: மேற்சட்டத்துப் பாரங்கள் சட்டத்தைவிடச் சற்றுக் கூடுதலாக, கீழ்ச்சட்டத்துப் பாரங்கள் சற்றுக் குறைவாக. அப்போதுதான் இரண்டும் மூடிய நிலையில் தங்கும். அதன் பிறகும் குளிர்ந்தால் யன்னலுக்கு உள்பக்கமாகத் தனியாக இரண்டாவது கண்ணாடிச் சட்டம் பொருத்தலாம். பழையதை எதுவும் செய்யாததால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். ஆனாலும் கேட்டுவிட்டே செய்யட்டும்.

குளிருக்குப் பயந்து மகள் செய்யக்கூடாத ஒன்று உண்டு. வெளிச்சுவரில் நில மட்டத்துக்கு அருகே துளையுள்ள செங்கற்கள் இருக்கும். மரத்தளத்துக்கு அடியில் காற்று ஓடுவது அவற்றால்தான். அவற்றை அடைத்தால் மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி, பூஞ்சணம் தளத்தையே தின்றுவிடும்.

ஓட்டுக் கூரை ஒழுகுகிறது. எல்லாவற்றையும் இறக்கிவிட்டுச் சீற் போடலாம் என்கிறார்கள். செலவு குறைவு.
– வாசகர், பாலையூற்று

சீற்றின் விலையை மட்டும் கணக்குப் பார்க்கிறீர்கள். மங்களூர் ஓடு ஒரு சதுர மீற்றருக்குப் பதினைந்து அளவில் வரும், ஒவ்வொன்றும் இரண்டு கிலோவுக்கு மேல். அந்தப் பாரம் கூரையைச் சுவரோடு அழுத்திப் பிடித்திருக்கிறது. பழைய வீடுகள் பலவற்றில் கைமரத்தைச் சுவரோடு பிணைக்கும் இரும்பு இல்லை. பாரத்தைக் குறைத்துவிட்டு 1964 மார்கழியில் அடித்ததைப் போன்ற ஒரு சூறாவளியை எதிர்பாருங்கள். கூரை முழுதாகக் கிளம்பும். வெயிற்காலத்தில் உள்ளே இருக்கவும் முடியாது.

ஒழுகும் கூரையில் பெரும்பாலும் ஓடு குற்றவாளியல்ல. முகட்டோட்டைச் சீமெந்தில் பதித்திருப்பார்கள். அது வெயிலில் வெடித்து, வெடிப்பால் நீர் இறங்கும். சுண்ணாம்பும் செங்கல் தூளும் கலந்த சாந்தில் திரும்பப் பதியுங்கள். சிலாகை வளைந்திருந்தால் ஓட்டின் கொளுக்கி விலகும். கறையானும் முதலில் தொடுவது சிலாகையைத்தான். முதிரையிலும் பாலையிலும் செய்த வளைகளும் கைமரங்களும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஓட்டை இறக்கியதும் ஒவ்வொன்றையும் கையில் தூக்கி விரலால் சுண்டுங்கள். மணி போல ஒலித்தால் நல்லது, மந்தமாக ஒலித்தால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு. குறையும் ஓட்டுக்குப் புதியது வாங்காதீர்கள். ஒரு தொழிற்சாலையின் ஓடு மற்றதன் பள்ளத்தில் பொருந்தாது. அதே முத்திரையுள்ள பழைய ஓட்டைத் தேடி வாங்குங்கள். கிடைக்காவிட்டால், பின்பக்கக் கூரைக்கு முழுதும் வேறு முத்திரையைப் போட்டு, அங்கிருந்து இறக்கியதை முன்பக்கத்துக்குப் பயன்படுத்துங்கள். இறவாரத்திலும் ஓரங்களிலும் உள்ள இரண்டு வரிசையை, ஓட்டின் அடியிலுள்ள துளை வழியாகச் செப்புக் கம்பியால் சிலாகையோடு கட்டுங்கள். வாடைக்காற்று முதலில் நெம்புவது அந்த ஓரத்தைத்தான்.

எங்கள் வீட்டைத் தொல்பொருள் திணைக்களம் எடுத்துக்கொண்டால் ஓர் ஆணி அடிக்கவும் கொழும்புக்கு எழுத வேண்டுமா?
– வாசகர், உட்துறைமுக வீதி

‘எடுத்துக்கொள்வது’ வேறு, ‘பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம்’ என்று அறிவிப்பது வேறு. அறிவித்தாலும் வீடு உங்களுடையதே. இலங்கையில் இதற்கான சட்டம் 1940ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம்; 1998இல் முக்கியமான திருத்தம் வந்தது. கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போன 1815 மார்ச் 2 தான் அதில் எல்லைக்கோடு. விக்டோரியா காலத்து வீடு அதற்குப் பிந்தியது. ஆகவே தானாக அந்தப் பாதுகாப்புக்குள் வராது. அமைச்சர் வர்த்தமானியில் பெயர் குறிப்பிட்டு அறிவிக்க வேண்டும். அறிவித்த பின், புதுப்பித்தல், திருத்தல், மாற்றுதல், கூட்டிக் கட்டுதல் ஆகியவற்றுக்குத் தொல்பொருள் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும்.

ஆகவே முதலில் வர்த்தமானியில் உங்கள் வீடு உண்டா என்று திணைக்களத்தின் பிராந்திய அலுவலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஊரில் சொல்வதை நம்பி வீட்டைத் திருத்தாமல் இடியவிட்டவர்கள் இருக்கிறார்கள், அது பெரிய இழப்பு. பட்டியலில் இருந்தால் விண்ணப்பத்தோடு நான்கு பக்கத்துப் படங்கள், அறைகளின் அளவுப்படம், எந்தச் சுவரில் எந்தச் சாந்தால் என்ன செய்யப்போகிறீர்கள் என்ற விபரம் மூன்றையும் வையுங்கள். “திருத்த வேலை” என்று ஒற்றை வரியில் எழுதிய விண்ணப்பம் விளக்கம் கேட்டுத் திரும்பி வரும். அதற்குள் அடுத்த மாரி தொடங்கிவிடும்.

மதில் உச்சியில் அரசங்கன்று முளைத்திருக்கிறது. பிடுங்கினால் மறுபடி முளைக்கிறது.
– வாசகி, பெரியகடை

பிடுங்க வேண்டாம். வேர் கல்லைச் சேர்த்துக்கொண்டுதான் வரும். தண்டை இரண்டங்குலம் விட்டு வெட்டி, வெட்டிய முகத்தில் அப்போதே தூரிகையால் களைகொல்லியைத் தடவுங்கள். பால் வடிந்து உலரும் வரை காத்திருந்தால் மருந்து இறங்காது. தளிர்த்தால் மறுபடி தடவுங்கள். வேர் முற்றாகக் காய்ந்து சுருங்கிய பின், தளர்ந்த கற்களுக்கு இலக்கமிட்டு இறக்கி, வேரை எடுத்துவிட்டுச் சுண்ணாம்புச் சாந்தில் அதே இடத்தில் திரும்ப வையுங்கள். உச்சியில் சாந்தைச் சற்றுச் சரிவாக முடியுங்கள், பறவை போடும் விதைக்குத் தங்க இடமிருக்காது.

விறாந்தையில் வார்ப்பிரும்புத் தூண்கள் நான்கு. ஒன்றின் அடிக்கல் பிளந்துவிட்டது. பாரம் தாங்காமலா?
– வாசகர், சீனக்குடா

பாரமல்ல, துரு. துருப்பிடித்த இரும்பு தன் பழைய அளவைப்போலப் பல மடங்கு வீங்கும். கல்லுக்குள் வீங்கினால் கல் பிளந்தே தீரும். அந்தக் காலத்தில் தூணைக் கற்குழியில் நிறுத்தி ஈயத்தை உருக்கி ஊற்றினார்கள். பின்னாளில் யாரோ ஈயம் விட்ட இடுக்கைச் சீமெந்தால் அடைத்திருப்பார்கள், அது மழைநீரைப் பிடித்து வைத்திருக்கும். முதலில் அந்தச் சீமெந்தை எடுங்கள். தூண் உள்ளே பொள்ளலாக இருந்து கூரைநீர் அதற்குள் இறங்குகிறதா என்றும் பாருங்கள். விக்டோரியா காலத்தில் தூணையே பீலிக்குழாயாகவும் வைத்தார்கள். அப்படியானால் அடியில் அடைபட்ட நீர் வெளியேற வழி செய்ய வேண்டும்.

வளையை மரமுட்டில் தாங்கிய பிறகே அடிக்கல்லைத் தொடலாம். இரும்பைக் கம்பித் தூரிகையால் பளிச்சென்று தெரியும் வரை தேய்த்து, அன்றைக்கே துருத்தடுப்பு முதற்பூச்சு அடியுங்கள். கடற்காற்றில் ஓரிரவு விட்டாலே மறுபடி சிவந்துவிடும். வார்ப்பிரும்பைச் சாதாரண வெல்டிங்கால் ஒட்டவைக்கப் போகாதீர்கள், சூட்டில் வெடிக்கும். தேய்க்கும்போது அடிப்பகுதியைக் கவனித்துத் தேயுங்கள். வார்ப்படசாலையின் பெயர் அங்கேதான் புடைத்து நிற்கும். கிளாஸ்கோவின் சரசன் வார்ப்படசாலை போன்றவை பட்டியல் அச்சிட்டு, இலக்கத்தைச் சொன்னால் தூணைக் கப்பலில் அனுப்பின. பெயரும் இலக்கமும் கிடைத்தால், உடைந்த பகுதியை அதே அளவில் வார்த்துக்கொள்ள மற்ற மூன்று தூண்களுமே உங்களுக்கு அச்சாகும்.